வறுத்த விறகின் வரலாறு: பாண்டுப்பிலிருந்து தாத்ரி வரை

1843ஆம் ஆண்டில் பம்பாய் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜார்ஜ் கிளார்க், பாண்டுப்புக்குச் சென்றிருந்தபோதுதான் பம்பாயைத் தாணேயுடனும் கல்யாணுடனும் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள நிலத்துடனும் இருப்புப்பாதையால் இணைக்கும் எண்ணம் அவருக்கு முதன்முதலில் தோன்றியது என்று ரயில்வே வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. பத்தாண்டுகள் கழித்து, 1853 ஏப்ரல் 16 அன்று, போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடிய ரயில் அந்தப் பாண்டுப்பைக் கடந்தே சென்றது. பாடநூல்கள் இந்நிகழ்ச்சியைப் போக்குவரத்தின் தொடக்கமாக எழுதுகின்றன. எரிபொருளின் வரலாற்றிலும் அது ஒரு திருப்பம் என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. பம்பாயின் என்ஜின்களும் பஞ்சாலைகளும் நெடுங்காலம் கப்பலில் வந்திறங்கிய நிலக்கரியை நம்பியிருந்தன. அவற்றின் நெருப்பறைகள் நிலக்கரியின் அடர்த்திக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப வடிக்கப்பட்டன. ஓர் எரிபொருள் நல்லதா, தாழ்ந்ததா என்று சொல்லும் அளவுகோலும் அத்துடன் மாறியது. சருகு, உமி, வைக்கோல், மரத்தூள் ஆகியவற்றைச் சூடுபடுத்தி மேம்படுத்தும் முயற்சிகளின் வரலாற்றை இந்த அளவுகோலைக் கணக்கில் கொள்ளாமல் படிக்க முடியாது.

சென்னைப் பக்கத்தின் கதை வேறு. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய மெட்ராஸ் ரயில்வேக்கு நிலக்கரி எட்டாத விலையில் இருந்ததால், அது விறகை எரித்தது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தின் காடுகள் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்னின் கவலைகளில் ரயிலுக்கான விறகும் ஒன்று. சோழமண்டலக் கரையின் சவுக்குத் தோப்புகள் பரவியதற்கு ரயிலின் பசி ஒரு காரணம். நகரத்து அடுப்பின் பசி மற்றொன்று. விறகு எரிந்தது, ரயிலும் ஓடியது. ஆனால் அப்போதே இரண்டு குறைகள் வெளிப்பட்டுவிட்டன. ஒன்று ஈரம், மற்றது பருமன். வெட்டியவுடன் மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். காற்றில் நன்கு உலர்ந்த பிறகும் கிலோவுக்கு 15, 16 மெகாஜூல் வெப்பமே அதிலிருந்து கிடைக்கும். நல்ல நிலக்கரி 25ஐத் தாண்டும். வயல் கழிவுகளின் நிலை இன்னும் மோசம். கட்டப்படாத வைக்கோல் கனமீட்டருக்கு நூறு கிலோவைத் தொடாது. நிலக்கரி எண்ணூறு கிலோவை ஒட்டி நிற்கும். ஒரு லாரி வைக்கோல் என்பது பெரும்பாலும் ஒரு லாரி காற்றுதான்.

வெப்பத்தைக் கொண்டே எரிபொருளைத் திருத்துவது புதிய அறிவன்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தை அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் கொண்டு மூடி, நாள்கணக்கில் உள்ளே கனியவிடும் மூட்டம், உலகின் பல பகுதிகளில் வழங்கிய மிகப் பழைய முறையின் தொடர்ச்சியே. நெல் அவித்த வீடுகளில் உமிக்கரி பல்பொடியாயிற்று. கொட்டாங்கச்சிக் கரி இஸ்திரிப் பெட்டிக்குள் போயிற்று. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கட்டுப்பாடு வந்தபோது, பேருந்தின் பின்புறம் கலன் ஒன்றைப் பொருத்தி மரக்கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டினார்கள். பச்சை விறகைக் கொண்டு அந்த வண்டிகளை எளிதில் ஓட்டியிருக்க முடியாது, ஏனெனில் விறகின் தார் என்ஜினை அடைத்துவிடும். கரியின் சிறப்பு இதுதான்: தாரும் புகையும் ஈரமும் முன்னமேயே வெளியேறிவிட்ட பொருள் அது.

எங்கே வெளியேறின என்ற கேள்வியைத்தான் நகரத்து வாடிக்கையாளர் கேட்பதில்லை. நூறு கிலோ உலர்ந்த மரத்தில் சுமார் 1,800 மெகாஜூல் வெப்பம் அடங்கியிருக்கிறது. மண்மூட்டத்தில் அது பதினைந்து கிலோ கரியாக மிஞ்சினால், கரி கிலோவுக்கு 29 மெகாஜூல் என்று வைத்துக்கொண்டாலும், கைக்கு வருவது 435 மெகாஜூல். அதாவது நான்கில் ஒரு பங்கு. மீதி முக்கால் பங்கு மூட்டத்தின் துளைகள் வழியே புகையாகப் போய்விடும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் தார்த்துளிகளும் உண்டு. மூட்டத்தருகே இரவும் பகலும் காவலிருந்து, விரிசல் விழுந்த இடங்களில் மண் அப்பும் தொழிலாளியின் நெஞ்சே அதன் முதல் கொள்கலன். நகரத்து அடுப்பில் புகையாத கரியைப் ‘தூய எரிபொருள்’ என்று அழைத்தவர்கள், புகை இடம் மாறியதை ஒழிந்ததாக எண்ணிவிட்டார்கள்.

இந்த இடத்தில் மகாராஷ்டிரத்தின் ஒரு முயற்சி தனிக்கவனம் பெறத் தக்கது. புணேயில் 1996இல் தொடங்கப்பட்ட ஆர்ட்டி என்னும் கிராமியத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆனந்த் கார்வே ஒரு தாவரவியலாளர். மானுடவியலாளரும் ‘யுகாந்த’ நூலின் ஆசிரியருமான ஐராவதி கார்வேயின் மகன். பெண்கல்விக்காக உழைத்த தோண்டோ கேசவ் கார்வேயின் பேரன். அவர் எடுத்துக்கொண்ட பொருள் கரும்புத் தோகை. கரும்பு வெட்டிய பிறகு ஹெக்டேருக்கு ஏறக்குறைய பத்து டன் காய்ந்த தோகை வயலில் கிடக்கும். மாடு தின்னாது, விரைவில் மக்காது. ஆகவே உழவர்கள் அதை அங்கேயே கொளுத்திவிடுவார்கள். கார்வேயின் குழு, தோகையைத் தகர உருளைகளில் திணித்து, அவ்வுருளைகளைச் செங்கல் உலை ஒன்றுக்குள் நிறுத்திச் சூடாக்கியது. உருளைக்குள் காற்று புகாததால் தோகை எரியாமல் கரியும். அதிலிருந்து வெளிப்படும் வாயு உலையின் நெருப்பிலேயே சென்று எரிந்து, அடுத்த உருளைகளைச் சூடாக்கும். கிடைத்த கரித்தூளை மாவுப்பசையுடன் பிசைந்து கட்டிகளாக அழுத்தினார்கள். மூட்டத்தில் தொழிலாளியின் மூச்சில் கலந்த புகை இங்கே உலைக்கு விறகாயிற்று. இம்முயற்சிக்கு 2002இல் ஆஷ்டன் விருது கிடைத்தது.

ஆர்ட்டியின் கரிக்கட்டி வீட்டு அடுப்பை நோக்கியது. அதன் வெற்றியை அளந்தது ஒரு சமையலறையின் காற்று. நிலக்கரியைப் போல அது அரைபட வேண்டியதில்லை, நீண்ட பெருவழிகளில் பயணிக்க வேண்டியதில்லை. அந்தக் குறிக்கோளுக்கு முழுக்கரியாக்குவதே பொருத்தம்; வெப்பத்தில் பாதிக்கு மேல் இழந்தாலும், கொளுத்திவிடப் போகும் தோகையில் இழப்பு என்ன என்று கேட்கலாம். ஆனால் இதே கேள்வியை ஒரு மின்நிலையத்தின் கொள்முதல் அதிகாரியிடம் கேட்டால் விடை வேறு. அவர் டன்னுக்கும் மெகாஜூலுக்கும் காசு கொடுப்பவர். அவருக்குத் தேவை கரி அன்று. விறகின் வெப்பத்தைப் பெரும்பாலும் தக்கவைத்துக்கொண்டு நிலக்கரியைப் போல நடந்துகொள்ளும் ஒரு பொருள்.

அந்தப் பொருளைச் செய்யும் முறைக்கு ‘டாரிஃபேக்‌ஷன்’ என்று பெயர். காப்பிக் கொட்டையை வறுப்பதற்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ‘வறுத்தல்’ என்றே சொல்லிவிடலாம். அதைவிடத் துல்லியமான கலைச்சொல் தேவையென்று தோன்றவில்லை. மாட்டுங்காவில் காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைகளின் வாசலில் நின்றவர்களுக்கு இம்முறையின் அடிப்படை ஏற்கெனவே தெரியும். பச்சைக் கொட்டை நார்த்தன்மையும் இறுக்கமும் கொண்டது, அரவைக்கு எளிதில் இணங்காது. வறுத்த கொட்டை நிறம் மாறி, எடை குறைந்து, விரலால் அழுத்தினாலே நொறுங்கும். கருகவிட்டால் எல்லாம் கெட்டது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதே வறுப்பவரின் திறமை.

மரத்திலும் நடப்பது ஏறக்குறைய அதுவே. தாவரத் திசுவின் சுவர் மூன்று பொருள்களால் ஆனது: செல்லுலோஸ் இழைகள், அவற்றைப் பிணைக்கும் ஹெமிசெல்லுலோஸ், இடையை நிரப்பும் லிக்னின். காற்று மிகக் குறைவான கலத்தில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது முதலில் சிதைவது ஹெமிசெல்லுலோஸ். அது நீராவியாகவும் அசிட்டிக் அமிலமாகவும் கார்பன் டையாக்சைடாகவும் பிரிந்து வெளியேறும். வெளியேறுபவற்றில் ஆக்சிஜன் மிகுதி, வெப்பமதிப்பு குறைவு. எனவேதான் எடை முப்பது விழுக்காடு குறைந்தாலும் வெப்பத்தில் பத்து விழுக்காடு அளவே குறைகிறது. மேலே சொன்ன நூறு கிலோ மரம் எழுபது கிலோவாகி, 1,620 மெகாஜூலை வைத்திருக்கும். அதாவது கிலோவுக்கு 23. மூட்டத்தின் நான்கில் ஒரு பங்கோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீரைக் கவரும் ஹைட்ராக்சில் தொகுதிகள் பல அழிந்துவிடுவதால், வறுத்த பொருள் மழைக்காலக் காற்றில் எளிதில் ஈரம் பிடிக்காது, பூசணமும் அவ்வளவாகப் பற்றாது. பிணைப்பு போனதால் இழைகள் நொறுங்கும். அரைக்கத் தேவைப்படும் மின்சாரம் வெகுவாகக் குறையும்.

இந்தக் கடைசிப் பண்புதான் வறுத்தலின் நவீன வரலாற்றை எழுதியது. 1980களில் பிரான்சில் பெஷினே நிறுவனம் உலோகத் தொழிலுக்காக ஒரு வறுப்பு ஆலையை நடத்தியது. அதன் திறன் ஆண்டுக்கு 12,000 டன். 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரக் காரணங்களால் அது நின்றது. பாங்காக்கின் ஆசியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பட்டாச்சார்யாவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட கட்டுரை, வறுத்த விறகு அடுப்பில் எப்படி எரிகிறது, எவ்வளவு குறைவாகப் புகைகிறது என்று பார்த்தது. ஆசிய ஆய்வாளர்களின் கண் அப்போது அடுப்பின்மேல் இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் கேள்வி முற்றிலும் மாறிவிட்டது. 2005ஐ ஒட்டி நெதர்லாந்தின் ஆற்றல் ஆய்வு மையத்தில் பாட்ரிக் பெர்க்மனும், ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் மார்க் பிரின்ஸும் செய்த ஆய்வுகளின் பின்னணியில் நின்றது நிலக்கரி மின்நிலையம். புவி வெப்பமாதல் உடன்படிக்கைகளுக்குப் பிறகு, கட்டி முடித்த நிலக்கரி நிலையங்களை மூடாமல் அவற்றின் கார்பன் கணக்கைக் குறைக்க ஐரோப்பா விரும்பியது. மரத்துண்டுகள் நிலக்கரி அரவை இயந்திரத்தில் அரைபடுவதில்லை, வறுத்தால் அரைபடும். எரிபொருள் இயந்திரத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டது, இயந்திரம் அப்படியே நின்றது. அக்காலத்தில் தொடங்கப்பட்ட ஐரோப்பிய ஆலைகள் பலவும் நீடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தில் ஒரு கிராமை ஒரே சீராக வறுப்பதும், பல டன் கலவைக் கழிவை ஒரே சீராக வறுப்பதும் வேறு வேறு தொழில்கள்.

இந்தியாவில் இப்பேச்சைக் கொண்டுவந்தது டெல்லியின் காற்று. பஞ்சாபும் ஹரியானாவும் 2009இல் நிலத்தடி நீரைக் காக்க இயற்றிய சட்டங்கள் நெல் நடவைத் தள்ளிப்போட்டன. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே சில வாரங்களே மிஞ்சின, இயந்திர அறுவடை விட்டுச்சென்ற அரிதாளுக்கு உழவர்கள் தீவைத்தார்கள். தேசிய அனல்மின் கழகம் 2017இல் டெல்லியை அடுத்த தாத்ரி நிலையத்தில் வேளாண் கழிவு உருளைகளை நிலக்கரியோடு கலந்து எரித்துப் பார்த்தது. 2021 அக்டோபர் 8 அன்று மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட திருத்தக் கொள்கை, அனல்மின் நிலையங்கள் பொதுவாக ஐந்து விழுக்காடு வேளாண் கழிவைக் கலக்க வேண்டும் என்று விதித்தது. அரவை இயந்திரத்தின் வகையைப் பொறுத்து விதி மாறியது. கிண்ணவகை அரவை உள்ள நிலையங்களில் வறுக்காத உருளைகளே போதும். உருளைக்குழாயில் இரும்புக் குண்டுகள் உருண்டு அரைக்கும் நிலையங்களிலோ வறுத்த உருளைகளே செல்லும். அவற்றின் ஆவியாகும் பொருள் 22 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

ஆய்வு மாணவர்கள் நின்று பார்க்க வேண்டிய எண் இந்த 22. உலர்ந்த வைக்கோலிலும் மரத்திலும் ஆவியாகும் பொருள் எழுபது, எண்பது விழுக்காடு வரை இருக்கும். 250, 280 டிகிரியில் வறுத்தபின்னும் அது பெரும்பாலும் ஐம்பதுக்கு மேலேயே நிற்கும். 22க்குக் கீழே இறக்க வேண்டுமானால் நானூறு டிகிரியையும் கடந்து செல்ல வேண்டியிருக்கும். அது வறுவல் அன்று, கரியாக்கல். வறுத்தலின் சிறப்பென்று சொல்லப்பட்ட தொண்ணூறு விழுக்காட்டு வெப்பம் அங்கே மிஞ்சாது. 22 என்பது இந்திய நிலக்கரியின் ஆவியாகும் பொருளுக்கு அருகிலுள்ள எண் என்பதைக் கவனித்தால் புதிர் அவிழும். சூடான காற்று பாயும் அரவைக்குள் எளிதில் தீப்பற்றும் தூள் ஆபத்தானது. பொறியாளர்களின் அச்சம் நியாயமானதே. ஆயினும் விளைவு என்னவெனில், ‘வறுத்த’ என்ற சொல்லின்கீழ் அக்கொள்கை கேட்டது ஏறத்தாழ இன்னொரு நிலக்கரியை.

வெப்பம் திருத்தாத குறை ஒன்றும் உண்டு, அதைப் பற்றிப் பரவலான கட்டுரைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. சாம்பல் ஆவியாகாது. நூறு கிலோ நெல்வைக்கோலில் பதினைந்து கிலோ சாம்பல் இருந்தால், வறுத்து மிஞ்சிய எழுபது கிலோவிலும் அதே பதினைந்து கிலோ இருக்கும். விழுக்காட்டில் அது 21 ஆகிவிடும். இந்திய நிலக்கரியிலேயே முப்பது, நாற்பது விழுக்காடு சாம்பல் உண்டு, ஆகவே இது பெரிதா என்று கேட்கலாம். அளவைவிட இயல்பே சிக்கல். வைக்கோல் சாம்பலின் பொட்டாசியம் சிலிக்காவுடன் சேர்ந்து தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகி, கொதிகலன் குழாய்களில் கண்ணாடிபோல் படியும். குளோரின் உலோகத்தை அரிக்கும். குளோரினில் ஒரு பகுதி வறுவலில் வெளியேறும், பொட்டாசியம் வெளியேறாது. அதற்கு வழி தண்ணீர். அறுத்த தாளை மழையில் நனையவிட்டாலே பொட்டாசியத்தில் கணிசமான பங்கு கழுவப்பட்டுவிடும். ஆனால் நவம்பர் பஞ்சாபில் மழைக்குக் காத்திருக்க வயலுக்கு நேரமில்லை.

வறுக்கும் கலத்தை மின்நிலையத்துக்கருகே வைப்பதா, வயலருகே வைப்பதா என்பது மற்றொரு முடிவு. நிலையத்தருகே வைத்தால், காற்றைச் சுமக்கும் லாரிகளின் செலவு அப்படியே நீடிக்கும். வித்யுத் மோகனும் எம்ஐடியில் பயின்ற கெவின் குங்கும் உருவாக்கிய டாகாசார், டிராக்டருடன் இழுத்துச் செல்லத்தக்க சிறு வறுப்புக் கலத்தைக் கொண்டு இதற்கு விடை தேடியது. 2021இல் அதற்கு எர்த்ஷாட் பரிசு கிடைத்தது. மேம்படுத்தல் வயலிலேயே நடந்தால் எடையும் பருமனும் குறைந்த பொருளே சாலையேறும். உழவரின் கைக்கு வரும் கூலியும் கூடலாம். ஆர்ட்டியின் உலைக்கும் இதற்கும் இருபதாண்டு இடைவெளி இருந்தாலும், கழிவு கிடக்கும் இடத்துக்கு நெருப்பைக் கொண்டுபோகும் எண்ணம் ஒன்றே.

அடுப்புக்கும் அனல்மின் நிலையத்துக்கும் நடுவில் இருப்பவற்றை இவ்வரலாறு ஏறக்குறைய மறந்துவிட்டது. அந்த நடுப்பகுதி மும்பையில் கண்ணெதிரே புகைகிறது. தாராவியின் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்களின் சூளைகள் பஞ்சுக் கழிவையும் மரத்தூளையும் தின்று வளர்ந்தவை. சுற்றிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட அனைவரும் அந்தப் புகையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நகரத்தின் ரொட்டிச் சூளைகள் பலவற்றில் எரிவது பழைய கதவு, உடைந்த மேசை, கட்டடக் கழிவு மரம். சாயமும் பசையும் ஏறிய அந்த மரத்தை வறுத்தாலும் நச்சு நீங்காது. எல்லாக் கழிவையும் ஒரே பெயரிட்டு ‘உயிரி எரிபொருள்’ என்று அழைப்பதன் ஆபத்து அங்கே தெரியும். மாறாக, தூய மரத்தூளோ தென்னை ஓட்டோ முறையாக வறுக்கப்பட்டு உருளையாக வந்தால், அளவான காற்றோட்டமுள்ள சூளையில் அது பச்சை விறகைவிடக் குறைவாகவே புகையும். ஆனால் புகையே இல்லாமல் எரியாது.

மும்பையின் காற்று மாசு குறித்துத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில், பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில், விறகும் நிலக்கரியும் எரிக்கும் ரொட்டிச் சூளைகள் ஆறு மாதங்களுக்குள் எரிவாயு முதலிய பசுமை எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. ஈரானிக் கடைகளின் பாவ் ரொட்டி இனி எப்படிச் சுவைக்கும் என்ற புலம்பலே செய்திகளில் மிகுதியாகக் கேட்டது. அடுப்பை மாற்றும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி அதற்குள் அமுங்கியது. மின்துறை அமைச்சகத்தின் கொள்கையில் வேளாண் கழிவு உருளை பசுமைக் கணக்கில் சேர்கிறது. தாத்ரியில் உயர்ந்த புகைபோக்கியும் சாம்பலைப் பிடிக்கும் மின்வடிகட்டியும் இருக்கின்றன. தாராவியின் சூளைக்கு மேலே இருப்பது ஒரு தகரக்கூரை, அதற்கு அடுத்த வீட்டின் சன்னல்.